மடவளையில் மூடி வைத்த செற்றி

சண்டை ஓய்ந்திருந்த இரண்டாயிரத்து மூன்றில், தவமணி அக்கா கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வீடு கட்டினார். பளிங்குத் தரை, ஆளுயரக் கண்ணாடி யன்னல் என்று எல்லாமே நவீனம். ஹோலை மட்டும் ஐம்பத்தாறாம் ஆண்டுக் கோலத்தில்தான் அலங்கரிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சரிந்த மெல்லிய கால்களுள்ள, மூன்று பேர் இருக்கக்கூடிய தேக்குச் செற்றி, பிரம்பு பின்னிய கதிரைகள், கடுகு நிற மெத்தைகள், பலாக்கொட்டை வடிவில் ஒரு சின்ன மேசை. கடுகண்ணாவைத் தச்சர் மூன்று தடவை கால்களை மாற்றிவிட்டார். "இன்னும் கொஞ்சம் சரிய வேணும்" என்று நான்காம் தடவையும் திருப்பி அனுப்பினார் அக்கா. கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், ஒன்பது வருஷம் பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அந்தப் பிடிவாதம் பழகிப்போனதுதான்.

எனக்கு விளங்காதது வேறு. அக்காவின் தகப்பன் ஐம்பத்தாறில் வாங்கிய அசல் சாமான்களே மடவளையில் இருந்தன. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அக்கா யாழ்ப்பாணம் போனபோது, தகப்பனோடு பழகிய மடவளை முஸ்லிம் வியாபாரி மஹ்மூத் நானா அவற்றைத் தன் லொறியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். "எடுத்துப் பாவியுங்கோ நானா, உங்கட சாமான் மாதிரி" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா பஸ் ஏறினார். தொண்ணூற்று நாலில் கண்டிக்குத் திரும்பியவர், ஒருநாளாவது மடவளைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் அரை மணிநேரம்! கேட்டால் "விடு" என்பார். எனக்குக் கோபமே வந்தது. அவரிடம் சொல்லாமல் நானே போய் நானாவைப் புது வீட்டுக் குடிபூரலுக்கு அழைத்துவிட்டேன்.

மனைவி ஸக்கியாவோடு வந்த நானா, ஹோலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"புதுசா செஞ்சிட்டீங்களா தங்கச்சி? அப்ப எங்கட ஊட்டுல ஈக்கிற பழைய சாமான்?"

"அது உங்களுக்குத்தானே நானா. பாவியுங்கோ எண்டுதானே தந்தனான்."

"திருப்பித் தரோணும்டு அமானிதமா வெச்ச சாமான்ல நாங்க ஒக்கார ஏலுமா? அறைல சீல போட்டு மூடி ஈக்கி. நீங்க வந்து கேப்பீங்கன்டு பாத்துக்கிட்டே இருந்தோம்."

"மகள்ட கலியாணத்துக்கும் கதிர வாடகைக்குத்தான் எடுத்தோம்" என்றார் ஸக்கியா.

அக்கா அழத் தொடங்கினார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"தொண்ணூறில யாழ்ப்பாணத்தில உங்கட சனத்தை ஒரு பெட்டிகூட எடுக்க விடாமல் கலைச்சவங்கள் நானா. எங்கட ஆக்கள்தான், இயக்கப் பொடியள். எங்கட படலையடியாலதான் அந்தச் சனம் நடந்து போனது. நான் கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு நிண்டனான். பிறகு எந்த முகத்தோட உங்களிட்ட வந்து என்ர கதிரையைக் கேக்கிறது?"

நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"எனக்கும் அந்த வருஷம் கோவம் வந்திச்சு தங்கச்சி. கொத்தி அடுப்புல வைப்போம்னு அறையத் திறந்தேன். பொறகு சீலயச் சரியாப் போட்டு மூடிட்டு வந்தேன்."

மறுநாள் காலை லொறி வந்தது. அசல் இறங்கியது. கால்களின் சரிவு புதியதில் சரியாகவே வந்திருந்தது. அக்காவின் ஞாபகத்தை மெச்ச வேண்டும். பிறகு புதிய செற்றியையும் கதிரைகளையும் அதே லொறியில் ஏற்றச் சொன்னார் அக்கா. நானா வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"இது அமானிதம் இல்லை நானா. இதில இருங்கோ."

நானா செருப்பைக் கழற்றிவிட்டு, லொறித் தட்டில் ஏறி, அந்தச் செற்றியில் உட்கார்ந்தார்.