ஒரு காருக்கு ஐந்து ஹாரன்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குக் கண் கொஞ்சம் மங்கினாலும் சமாளித்துக்கொள்ளலாம், முழங்கால் கொஞ்சம் நடுங்கினாலும் சமாளித்துக்கொள்ளலாம், காருக்குக் குரல் சரியில்லை என்றால் மட்டும் பிழைப்பு நாறிவிடும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்? மாட்டு வண்டிக்குப் பின்னால் அரை மைல் ஊர்ந்து, கரும்புத் தோகை மூஞ்சியில் உரச, பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் "நடந்தே போயிருக்கலாம்" என்று முணுமுணுப்பதைக் கேட்டவர்கள்தானே நீங்களும்.

எங்கள் தீவில், பாம்பூ என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். மேஸ்திரிக்கும் எனக்கும் ஒருநாள் வாய்ச்சண்டை முற்றிப்போய், கையிலிருந்த ஸ்பானரைத் தரையில் போட்டுவிட்டு, "இனிமே இந்த கேட்டுப் பக்கம் வந்தா சொந்தக் கார்லதான் வருவேன். உங்க காது கிழியற மாதிரி ஹாரன் அடிச்சிட்டுத்தான் போவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன அன்று என்னிடம் சைக்கிள்கூடக் கிடையாது.

பிறகு தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு கிழட்டுக் காரைப் பிடித்துக் கொண்டுவந்து, வாடகைக்கு ஓட்ட லைசென்ஸ் கேட்டேன். சோதிக்க வந்த போலீஸ் துரை பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், கடைசியில் ஹாரனின் ரப்பர் பந்தை ஒருமுறை அமுக்கினார். காருக்கு விக்கல் எடுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. துரை சிரிக்கவில்லை. மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதுவரை ஓட்டிக்கொள்ளலாம், தவணை முடியும் நாளில் என் ஹாரனுக்கு ஒரு மாட்டு வண்டி அவர் கண்ணெதிரே ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்காவிட்டால் லைசென்ஸ் கிடையாது. அப்புறம் நான் மறுபடி அந்த மேஸ்திரி முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

காருடனே வந்த ஹாரன்

எங்கள் ஊரில் நல்லதம்பி என்று ஒருவன் சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தான். அவன் சைக்கிளிலும் ரப்பர் பந்து ஹாரன்தான். என் காரில் இருந்ததற்கும் அதற்கும் சத்தத்தில் மயிரளவு வித்தியாசம் கிடையாது. இது எனக்குத் தெரியவந்ததே முதல் சவாரியில்தான்.

காத்ர் போர்ன் சந்தைக்குப் போகும் இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முன்னால் சின்னையா மாமாவின் மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. கரும்பு ஏற்றும் வண்டிக்காரர், ஊருக்கே மாமா, நடு ரோட்டை விட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார். பந்தை அமுக்கினேன். மாமா அசையவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் கதவுகள் திறந்தன, துணிப்பையும் கையுமாகப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் சவாரிக்காரியின் மடியில் ரொட்டியைத் தேடினாள். அவசரத்தில் நான் இன்னும் நாலு தடவை அமுக்க, இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"டேய் நல்லதம்பி, ஓரமாப் போடா. ரொட்டிக்காரனுக்கெல்லாம் வண்டியத் திருப்ப முடியாது!"

கிராமபோன் குழல்

சத்தம் போதவில்லை, அதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். ஃபிட்டர் மூளை அப்படித்தான் வேலை செய்யும். என் மனைவி அஞ்சலையின் அண்ணன் வீட்டில் ஓர் உடைந்த கிராமபோன் கிடந்தது. அதன் குழலைக் கழற்றிக் கொண்டுவந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, ஹாரனின் வாயில் பொருத்தி ஈயத்தால் பற்றவைத்தேன். பானெட்டின் மேல் ஒரு பெரிய ஊமத்தம் பூ பூத்த மாதிரி இருந்தது. அமுக்கிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அஞ்சலை பையோடு வெளியே வந்தாள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

முன்பு பத்து வீட்டுக்காரர்கள்தான் ஏமாந்தார்கள். இப்போது கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து ஏமாந்தார்கள். ஒரு வாரம் இப்படி நடந்ததும் நல்லதம்பியே என் வீட்டுக்கு வந்துவிட்டான். பாவம், அவன் கூடை நிறைய ரொட்டி மிஞ்சியிருந்தது. நிஜமாகவே அவன் வந்து ஊதினாலும், கார்தான் என்று நினைத்து ஒருத்தரும் கதவைத் திறப்பதில்லையாம். அவனைப் பார்க்க எனக்கே வெட்கமாகிவிட்டது. அவன் கோபப்படவும் இல்லை; மரியாதையாகத்தான் கேட்டான்:

"அண்ணே, ஒண்ணு அந்தக் குழலக் கழட்டுங்க, இல்லாட்டி என் கூடையையும் ஏத்திக்கிட்டுப் போய் வித்துக் குடுங்க."

குழலைக் கழற்றினேன். இருந்தாலும் பயம் விடாமல் மறுநாளே அவன் ஒரு வெண்கல மணிக்கு மாறிவிட்டான்.

சங்கு

இப்போதும் நினைத்தால் எனக்குக் காது சிவக்கிறது. கோயிலில் சங்கு ஊதக் கேட்டேன். ஆகா, மங்களமான சத்தம், மலை வரைக்கும் போகும், ரொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! ஒரு பெரிய சங்கை வாங்கி, டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்பை அதோடு இணைத்தேன். வெறும் காற்றுக்குச் சங்கு ஊதாது, உதடு வேண்டும். பழைய ட்யூபில் இரண்டு துண்டு வெட்டி ரப்பர் உதடும் செய்து மாட்டினேன். இடது கால் கிளட்சுக்கும் பம்புக்கும் மாறி மாறிப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் சிரமம்.

அந்த வாரம் சின்னையா மாமாவின் காலை அவர் மாடே மிதித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக என் காரில் ஏற்றினார்கள். பின் சீட்டில் நீட்டிப் படுத்து, குளிருக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தெருமுனையில் ஒரு பசு மாடு குறுக்கே வர, நான் பம்பை மிதித்தேன்.

எங்கள் பக்கத்தில் மீன்காரர்கள் சங்கு ஊதிக்கொண்டுதான் வருவார்கள். சாவு வீட்டிலும் சங்குதான் ஊதுவார்கள். இரண்டும் எனக்குத் தெரியும்; சங்கை மாட்டும்போது மட்டும் மறந்துவிட்டது. கிரியோல் இனத்தவர் வீடுகளிலிருந்து மீன் வாங்கத் தட்டோடு வந்தார்கள். தமிழ் வீடுகளிலிருந்து தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன மீன்?" என்று கேட்கிறார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "எப்ப ஆச்சு?" என்று கேட்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒரே பதிலாக, "காலையில, மாடு மிதிச்சிடுச்சு" என்று உளறினேன். உடனே நாலு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். வேட்டி மெல்ல விலகியது. மாமா எழுந்து உட்கார்ந்தார். தட்டோடு நின்றவர் தட்டைப் போட்டுவிட்டு, "ஆயோ போன்ஜே!" என்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். மாமா சொன்னது இது:

"அழுகைய நிறுத்துங்கடி. நான் இன்னும் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரலை."

ஆலை விசில்

அடுத்தது, பழைய இரும்புக் கடையில் கிடைத்த, ஏதோ ஓர் ஆலையின் சின்ன நீராவி விசில். அதை எக்ஸாஸ்ட் குழாயில் பொருத்தி, பிடித்து இழுக்க ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு கம்பி வைத்தேன். பிரமாதமாக ஊதியது. ஆலையில் உச்சிவேளைக்கு ஊதும் விசில் போலவே ஊதியது என்பதுதான் சங்கடம்.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த வயல் ஓரமாகப் போனேன். மணி ஒன்பதரைகூட ஆகியிருக்காது. கம்பியை இழுத்தேன். வயல் முழுக்க அரிவாள்கள் ஒரே நேரத்தில் கீழே விழுந்தன. ஆணும் பெண்ணும் மர நிழலில் போய் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துவிட்டார்கள். அவர்களை மேய்க்கும் சர்தார் வானத்தைப் பார்க்கிறார், தன் நிழலைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். பிறகு தடியை ஓங்கிக்கொண்டு காரைத் துரத்தினார். லைசென்ஸ் கொடுக்கும் துரைக்கே எழுதிப் போடுகிறேன் என்று கத்தினார். நான் அன்றே விசிலைக் கழற்றினேன். மறுநாள் அதே வயலைத் தாண்டும்போது ஒரு பெண் ரோட்டோரம் வந்து நின்று என்னை நிறுத்தினாள்:

"என்னண்ணே, இன்னைக்கு ஊதாமப் போறீங்க? நேத்து சோறு ரொம்ப ருசியா இருந்துச்சு."

மின்சார ஹாரன்

தவணைக்கு இன்னும் மூன்று வாரம். இனி விளையாட்டு வேண்டாம் என்று போர்ட் லூயிஸில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரரின் முன்னோர் புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள். பெயரில் மட்டும் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது, வாயில் பிரெஞ்சு. "இதை அமுக்கினால் மலையே ஒதுங்கும், மிசியே" என்று ஒரு மின்சார ஹாரனை எடுத்து வைத்தார். வாங்கி வந்து மாட்டினேன். பேட்டரியிலிருந்து இழுக்க என்னிடம் இருந்தது வாசல் மணிக்குப் போடுகிற மெல்லிய ஒயர். அதில் போதிய மின்சாரம் போகவில்லை. ஹாரன், பால் மறக்காத ஆட்டுக்குட்டி மாதிரி "மே" என்றது.

அன்றைக்கு ஒரு தாய் ஆடு அறுத்துக்கொண்ட கயிறோடு பாம்பூவின் எல்லை வரை காரைத் துரத்தியது. ஆட்டுக்குப் பின்னால் அதை வளர்த்தவளும் ஓடி வந்தாள். காரை நிறுத்தி, கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். ஹாரனை அமுக்கிக் காட்டினேன். ஆடு பானெட்டின் மேல் காலைத் தூக்கி வைத்தது. அவள் என்னை நம்பவே இல்லை:

"இந்த இரும்புக்குள்ள எப்படிய்யா குட்டிய அடைச்சே? மரியாதையா வெளிய விடு!"

துணி காயும் கம்பி

தடித்த ஒயர் வேண்டும் என்று புரிந்துவிட்டது. கொல்லையில் அஞ்சலை துணி காயப்போடுவதற்கு நான் கட்டிக் கொடுத்திருந்த செம்புக் கம்பி கண்ணில் பட்டது. அவிழ்த்து, துணி நாடா சுற்றி மாட்டினேன். அப்பா, என்ன குரல்! மூன்று நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். மேஸ்திரியின் கேட்டுக்கு முன்னால் எத்தனை தடவை அடிப்பது என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

தவணை நாள் வந்தது. துரை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கால் தேறி வண்டி கட்டத் தொடங்கியிருந்த சின்னையா மாமா, கரும்புப் பாரத்தோடு என் கொல்லையை ஒட்டிய ரோட்டின் நடுவே போய்க்கொண்டிருந்தார். பொத்தானை அமுக்கினேன். சத்தமே இல்லை. மறுபடி அமுக்கினேன். துரை பேனாவைத் திறந்தார். இறங்கி பானெட்டைத் தூக்கினால் கம்பியைக் காணோம். வேலிக்கு அந்தப் பக்கம் என் கொல்லையில் ஈர வேட்டி ஆடுகிறது. அஞ்சலை அங்கிருந்தே கத்தினாள்: "மூணு நாளா முள்வேலியில காயப்போட்டுக் கிழிச்சாச்சு! இன்னைக்கு என் கம்பி எனக்கு வேணும்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தச் சாமானையும் தூக்கி எறியாத பழக்கத்தால் காருடனே வந்த ரப்பர் பந்து ஹாரன் சீட்டுக்கு அடியில் கிடந்தது. வேறு வழியில்லாமல் அதை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். விக்கல்.

கண்ணைத் திறந்தால், ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு பையும் வரவில்லை. மாமா மாட்டின் வாலைத் திருகி, வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டினார். துரைக்கு நம்ப முடியவில்லை. இறங்கிப் போய், இந்தச் சத்தத்துக்கா ஒதுங்கினாய் என்று மாமாவிடமே கேட்டார். இருவரும் பேசியது தீவின் பொதுப் பேச்சான கிரியோலில். மாமாவின் பதிலைத் தமிழில் தருகிறேன்:

"ரொட்டிக்காரன் மணி அடிக்கிறான், மீன்காரன் சங்கு ஊதுறான், ஆலைக்கு விசில் இருக்கு. இப்படிக் கத்துறதுக்கு இவன விட்டா வேற ஆள் இல்ல. ஒதுங்கலைன்னா அடுத்து எதக் கொண்டாந்து மாட்டுவானோ, அந்தப் பயந்தான் துரை!"

ஆலை கேட்டுக்கு முன்னால்

லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை நேரே ஆலைக்குத்தான் போனேன். கம்பியைத் தர அஞ்சலை மறுத்துவிட்டாள். பரவாயில்லை, பாம்பூவே ஒதுங்கிய ஹாரன்தானே என்று ரப்பர் பந்தையே மாட்டிக்கொண்டு போனேன். கேட்டுக்கு எதிரே நிறுத்தி, பதினோரு வருஷக் கோபத்தையும் சேர்த்து ஏழு தடவை அமுக்கினேன்.

மேஸ்திரி காத்ர் போர்னிலிருந்து வேலைக்கு வருகிறவர். அங்கே ரொட்டிக்காரர்கள் இன்னும் பந்தைத்தான் அமுக்குகிறார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் பழைய சண்டையின் சுவடே இல்லை:

"அட, நீயா? வியாபாரம் தொடங்கிட்டியா? நல்லா இரு. சூடா ரெண்டு ரொட்டி குடு."

மூன்று மாதத்தில் பாம்பூக்காரர்களின் காதையெல்லாம் பழக்கிவிட்ட எனக்கு, பாக்கியிருக்கிற மேஸ்திரியின் இந்த ஒரு ஜோடிக் காதுக்கு அடுத்து எதை மாட்டலாம் என்பதுதான் இப்போது ஒரே கவலை.