பஞ்சரான காரும் தாய்மாமன் சீரும்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் திறக்கக் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த ஐந்து வகுப்பிலும் வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவள்தான் எனக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொல்லுவாள். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதிலும் என் மகனுடைய மாமனார் முன்னால் நான் பேசியதே கிடையாது. அவர் வீட்டுக்கு வந்தால் "வாங்க" என்பேன். அதையும் கதவைப் பார்த்துத்தான் சொல்லுவேன். காப்பியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் புகுந்துகொள்வேன். மனிதர் நல்லவர்தான். ஆனால் முறை என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டால் விடமாட்டார். குரல் வேறு, மைக் தேவைப்படாத குரல்.

போன ஆவணியில் என் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து வைத்தார்கள். பந்தல்குடி தாண்டி அவர்கள் குலசாமி கோயில். தாய்மாமன் என் மகன். அவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் கிடாயை ஏற்றிக்கொண்டு முதல் நாளே போய்விட்டார். மறுநாள் காலையில் பாலவனத்தத்திலிருந்து மகன் காரில் கிளம்பினோம். அவன் வண்டி ஓட்ட, அவனுடைய மாமனார் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் நானும் மருமகளும். என் மடியில் பெரிய சீர்த்தட்டு, அவள் மடியில் பழத்தட்டு. தேங்காய், பட்டுப்பாவாடை, பிள்ளைக்குத் தோடு எல்லாம் என் தட்டில்தான். டிக்கி நிறைய அரிசி, வெல்லம், வாழைத்தார், ஒரு புது அண்டா.

ஏறும்போதே சம்பந்தி சொல்லிவிட்டார்.

"கிளம்புன சீரு தரையில படப்படாது. சீரு முன்னால போகணும், மத்த ஆளுக பின்னால போகணும். ஒருத்தரும் பிந்தி நிக்கப்படாது. கேட்டுக்கிட்டீகளா?"

கேட்டுக்கொண்டோம். நான் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அருப்புக்கோட்டையைத் தாண்டித் தூத்துக்குடி ரோட்டில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பந்தல்குடிக்குக் கொஞ்சம் முன்னால் பட்டென்று ஒரு சத்தம். வண்டி நொண்டியது. பின் சக்கரம், அதுவும் ரோட்டுப் பக்கத்துச் சக்கரம். மகன் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டை ஒட்டியே வண்டியை நிறுத்திவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி ஓரமாப் போங்களேன்" என்றாள் மருமகள்.

"காத்து இல்லாம ஓட்டுனா ரிம்மு போயிரும். ஒரு நிமிசத்துல மாத்திருவேன்" என்றான் அவன்.

ஸ்டெப்னி டயர் டிக்கிக்குள் இருந்தது. வண்டிக்குப் பின்னால் வைக்கிற சிவப்பு முக்கோணமும் அங்கேதான் இருந்தது. இரண்டுக்கும் மேலே அரிசி மூட்டை, அதற்கு மேலே அண்டா, அண்டாவுக்குள் வாழைத்தார். எடுக்க வேண்டுமென்றால் சீரை இறக்க வேண்டும். இறக்கினால் தரையில் வைக்க வேண்டும்.

"அது மட்டும் நடக்காது மாப்ள" என்றார் சம்பந்தி. "மொதல்ல நட்டைக் கழட்டுங்க. அப்புறம் பாப்போம். பின்னாடி ஒரு கொப்பை ஒடிச்சுப் போடுங்க, வாரவன் வெலகிப் போவான்."

அந்தப் பக்கமெல்லாம் சீமைக் கருவேலம்தான். மகன் ஒரு கொப்பை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போட்டான். போட்ட கையோடு ஒரு மொபெட்காரர் அதில் ஏறப் பார்த்து, வளைத்து ஒடித்து நிறுத்தினார்.

"ஏண்ணே, நீங்க பஞ்சராகி நிக்கிறது பத்தாதா? தொணைக்கு எங்களையும் நிக்க வைக்கணுமா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகன் முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டான். இப்போது வண்டிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. கண் சிமிட்டுகிற விளக்கைக்கூட அவன் போடவில்லை. வேட்டி அழுக்காகாமல் இருக்கத் தோளில் கிடந்த புதுத் துண்டைத் தார் ரோட்டில் விரித்தான். அதன் மேல் குத்தவைத்து நட்டைத் திருக ஆரம்பித்தான். முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு.

அந்த ரோட்டில் லாரிக்கு ஓய்வே கிடையாது. ஒவ்வொரு லாரி போகும்போதும் கார் தொட்டில் மாதிரி ஆடியது. அவன் சட்டை பலூன் போல உப்பி உப்பி அடங்கியது. நட்டோ அசையவில்லை. கார் கண்ணாடி வழியாகக் குனிந்திருந்த அவன் தலையையும் முதுகையும் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ரோட்டில் வண்டி நின்றுபோனால் உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள், ரோட்டுப் பக்கம் இறங்காதீர்கள், அந்தப் பக்கமாக இறங்கித் தள்ளிப் போய் நில்லுங்கள் என்று. பஸ் வரத் தாமதமானதால் நான் அதை முழுக்கக் கேட்டிருந்தேன். நாங்களோ அத்தனையையும் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம்.

"எறங்கிக் கீழ நிப்போமாப்பா?" என்று மருமகள் அவள் அப்பாவைக் கேட்டாள்.

"தட்டை எங்கிட்டு வைப்பீக? வெயில் வேற. பேசாம உக்காரு" என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டேன். அப்போது ஒரு டேங்கர் லாரி ஹாரனை அமுக்கிக்கொண்டு போனது. மகன் உடம்பைக் காரோடு ஒட்டிக்கொண்டதை நான் பார்த்தேன். ஒட்டிக்கொண்டு, மறுபடியும் திருகினான்.

தட்டைத் தரையில் வைக்கக் கூடாது என்றுதானே சொன்னார்? தலையில் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

ரோட்டுக்கு மறுபக்கத்துக் கதவைத் திறந்தேன். இறங்கினேன். சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டி, தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு எடை மேடை தெரிந்தது. லாரிகளை லோடோடு நிறுத்தி எடை போடுகிற இடம். உள்ளே தள்ளி, அகலமான பொட்டல். அதைப் பார்த்து நடந்தேன்.

"தங்கச்சி! எங்க போறீக?"

நடந்தேன்.

"ஏம்மா, ஒங்க அத்தை எங்க போறாக?"

"தெரியலையேப்பா" என்றாள் மருமகள். அவள் கெட்டிக்காரி. "ஆனா சீரு கிளம்பிருச்சு. பிந்தி நிக்கப்படாதுன்னு நீங்கதான் சொன்னீக" என்று சொல்லிக்கொண்டே பழத்தட்டோடு இறங்கி என் பின்னால் வந்துவிட்டாள்.

சம்பந்திக்கு வேறு வழியில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் அந்தப் பெரிய குரல் மகன் பக்கம் திரும்பியது.

"மாப்ள! அங்க என்ன திருகிக்கிட்டு இருக்கீக? சீரு போகுது, தாய்மாமன் ரோட்டுல குத்தவச்சிருந்தா ஊரு என்ன சொல்லும்? வாங்க!"

"மாமா, நட்டு இப்பத்தான்..."

"நட்டு கெடக்கட்டும். நீங்க எந்திரிங்க!"

அவன் எழுந்தான். எனக்கு மூச்சு வந்தது.

"அம்மா, நில்லு! வண்டிய என்ன பண்ணுறது?" என்று கத்தினான்.

அப்போதுதான் என் வாய் தானாகத் திறந்தது. திரும்பாமலே சொன்னேன். "ரிம்மு போனா வேற ரிம்மு வாங்கிக்கலாம். மெதுவா ஓட்டிக்கிட்டு வா."

அவன் ஏறினான். இப்போதாவது புத்தி வந்து நாலு பக்கத்து விளக்கையும் சிமிட்டவிட்டான். கீழே சரிவில் தலையில் தட்டோடு நான், எனக்குப் பின்னால் மருமகள், அவளுக்குப் பின்னால் சம்பந்தி. மேலே ரோட்டோரத்தில் எங்களுக்குச் சமமாக, விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வருகிற கார். ஒரு பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கை ஆட்டினார்கள். நான் அன்றைக்குப் பட்ட வெட்கம் என் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை.

எடை மேடைக்காரர் எங்களைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, சாமி ஊர்வலமா?"

"பஞ்சரு ஊர்வலம்ணே" என்றாள் மருமகள்.

அங்கே எடை போட நின்ற இரண்டு டிரைவர்கள் வந்து ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைத் திறந்தார்கள். சம்பந்தி மூட்டையையும் பார்த்தார், தரையையும் பார்த்தார். பிறகு லாரி ஏறி நிற்கிற அந்த இரும்புப் பலகையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"இது மண்ணு இல்ல. இரும்பு. இதுல வைக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சீர் முழுவதும் எடை மேடையில் ஏறியது. உள்ளே இருந்து எடை மேடைக்காரர், "அண்ணே, எடை காட்டுது. சீட்டுப் போட்டுத் தரட்டுமா?" என்றார்.

"போடுங்க. தாய்மாமன் சீரு எம்புட்டுன்னு பொண்ணு வீட்டுல காட்டுவோம்" என்றார் சம்பந்தி. "மாப்ள, நீங்களும் ஏறி நில்லுங்க, கூடட்டும்."

எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் மகன் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துண்ட அங்கேயே விட்டுட்டேன்" என்றான். சரிவு வழியாகவே போய் எடுத்துவரச் சொன்னார் சம்பந்தி. ரோடு வெறிச்சோடுகிற வரைக்கும் காத்திருந்து எடுக்கவும் சொன்னார்.

அவன் துண்டோடு திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. விரித்துக் காட்டினான். வெள்ளைத் துண்டில் அகலமான லாரி டயர் தடம், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும், மருதாணி வைத்தது போல அவ்வளவு தெளிவாகப் பதிந்திருந்தது. அவன் குத்தவைத்திருந்த துண்டு.

சம்பந்தி அதை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தக் குரல் இவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

"தங்கச்சி, அந்தத் தட்டு ரொம்பக் கனமோ?"

"இல்லண்ணே" என்றேன். அவரைப் பார்த்தே சொன்னேன்.

கோயிலுக்குப் போனபோது மகள் வாசலிலேயே நின்றாள். "ஏன் இம்புட்டு நேரம்?" என்று கேட்டாள். "சீரை எடை போட்டுட்டு வாரோம்" என்று சொல்லி, எடைச் சீட்டை எடுத்து நீட்டிவிட்டார் சம்பந்தி. அதை வைத்துப் பந்தி முடியும் வரைக்கும் கேலி ஓடியது.

காது குத்தும்போது பேத்தியை மடியில் வைக்க மகன் அந்தத் துண்டைத்தான் விரித்தான். வேறு துண்டு இல்லை. டயர் தடம் மேலே தெரிந்தது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். துண்டைத் திருப்பி, தடம் அடியில் போகிற மாதிரி அவன் மடியில் போட்டேன். போகிற போக்கில் அவன் முதுகை ஒரு தடவை தடவிக்கொண்டேன். தூசி தட்டுகிற மாதிரி.

பிள்ளை ஊசிக்கு முன்னாலேயே வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை.