மோப்பம்

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில் அவளுக்கு அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுகிற வேலை. ரத்தம், சீழ், வாந்தி, வாயால் சொல்லக்கூடாதது எல்லாம் அந்த மூட்டைகளில் வரும். வெளுத்தால் கறை போகிற துணி மெஷினுக்கு, போகாதது எரிக்கிற மூட்டைக்கு. புதிதாய் வருகிறவர்கள் மூன்றாம் நாளே பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஓடுவார்கள். இவள் எட்டு மாதமாக முகம் சுளித்ததில்லை.

"உனக்கு அருவருப்பே கிடையாதாக்கா?" என்பாள் கூட வேலை பார்க்கிறவள்.

ஏன் கிடையாது? ஏழு வருஷம் அதோடுதானே குடும்பம் நடத்தினாள்! மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தாலும் வாசலில் நிறுத்தி, துப்பட்டாவை உருவி மூக்கில் வைத்துப் பார்ப்பான் கட்டினவன். அப்புறம் கழுத்து, அப்புறம் தலைமுடி. "யார் பக்கத்துல நின்ன?" சீ, மனுஷன் செய்கிற காரியமா? நாய்கூட ஒருமுறை மோந்துவிட்டு வாலை ஆட்டும். குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டான். தன் உடம்பே அவளுக்கு யாரோ எச்சில் பண்ணிய தட்டு மாதிரி ஆகிவிட்டது.

மூன்று முறை அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மூன்று முறையும் அண்ணனே கொண்டுபோய் விட்டார். "குடிக்கல, அடிக்கல, வேற என்னம்மா வேணும்?" மோந்து பார்ப்பதை அண்ணனிடம் எந்த வாயால் சொல்வது? நாலாம் முறை சைக்கிள் கடை மாடியில் தனியாக அறை பிடித்தாள். குளியலறைக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டு, தொட்டித் தண்ணீர் தீரும்வரை குளித்தாள்.

நேற்று மத்தியானம் அண்ணன் கூடத்து வாசலுக்கே வந்துவிட்டார். பின்னாலேயே அவன், இஸ்திரி கலையாத சட்டையில். அண்ணன் பேச்சை இதுவரை அவள் தட்டியதில்லை. அதுதான் பயம்.

"மாப்பிள்ளை திருந்திட்டாரும்மா. கிளம்பு."

"இனிமே ஒரு கேள்வி கேட்க மாட்டேன்," என்றான் அவன், தேன் ஒழுக.

அவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவனிடம் நீட்டினாள். "இதைப் பிடிங்க, கை கழுவிட்டு வரேன்."

வேண்டுமென்றே கொடுத்தாளா? வேண்டுமென்றேதான்.

அவள் குழாயைத் திறப்பதற்குள் துணி அவன் மூக்குக்குப் போய்விட்டது. கண்ணை மூடி, நிதானமாக, இரண்டு மூச்சு. பிறவிக் குணத்தை மட்டை வைத்துக் கட்டினாலும் நிற்குமா?

"என்ன மாப்ள பண்றீங்க?" அண்ணன் பதறினார்.

"ஆம்பள வாசம் அடிக்குது," என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அடிக்கும். காலையிலேர்ந்து ஆம்பளை வார்டு மூட்டைதான் பிரிச்சேன். ஒரு பெரியவர் வாந்தி எடுத்த விரிப்பு."

அவன் துணியைக் கீழே போட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடினான். அண்ணன் அவனையும் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை.

"ஏழு வருஷமா இதுதாண்ணே. நான் வரமாட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா..."

"நீங்க எப்பண்ணே கேட்டீங்க?"

கீழே கிடந்த துணியை, கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் தூக்கி வந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக முகம் சுளித்திருந்தது.

"மெஷின்ல போடவாக்கா?" என்றாள் கூட வேலை பார்க்கிறவள்.

"வேணாம். எரிக்கிற மூட்டையில போடு."