ஜெயசீலியின் சபைப் பெட்டி

ஜெயசீலிக்குக் கோபம் வந்தால் தையல் மிஷின் சத்தம்கூட அடங்கிப்போகும். தாராவியில் அவளும் கணவர் ஜோன்ஸும் நடத்தும் பை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுவது அவர். ஆர்டர் பிடிப்பதும் அதட்டுவதும் அவள். அந்த மாதம் முழுக்க அவள் கோபமெல்லாம் தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் மேல்தான். சாம்பிள் பையை வாங்கி வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. மழைக்காலத்தில் வேறு வேலையும் கிடையாது. இந்த ஆர்டர் வராவிட்டால் பிவண்டியில் வேறு பட்டறைக்குப் போய்விடுவேன் என்று தையல்காரர் இனாயத்துல்லா சொல்லிவிட்டார். அவரைப் போல ஜிப் வைத்துத் தைக்க அந்தச் சந்திலேயே ஆள் இல்லை. போனால் திரும்ப மாட்டார்.

"ஏளா, ஒரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்ன?" என்றார் ஜோன்ஸ்.

"நாமளாப் போய் வழிஞ்சா இளக்காரமாப் போயிரும். வெலையக் கொறைன்னு உக்காந்துக்கிடுவாங்க. மெயில் வரும், பேசாம இருங்க."

மெயில் விஷயத்தில் அவளுக்கு இப்போது கொஞ்சம் தெம்புதான். சர்ச் சபையிலிருந்து தினமும் வேத வசனம், பெண்கள் ஐக்கியத்தின் அறிவிப்பு, விக்ரோலிச் சித்தப்பாவின் ஜெபக் குறிப்பு என்று பெட்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. தேவ வார்த்தையைக் குப்பை என்று ஒதுக்கவும் பயம். மகள் ரெபேக்காதான் மெயிலோடு சேர்ந்து ஓடும் சின்ன மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும். தலைப்பில் அந்தச் சொல் உள்ள மெயிலையெல்லாம் அதுவே தனிப் பெட்டியில் தள்ளிவிடும்.

"எல்லாத்துலயும் காமனா என்ன வேர்டு மம்மி இருக்கு?"

"ஸ்தோத்திரம்னுதான ஆரம்பிப்பாங்க."

ரெபேக்காவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும். ஏதோ ஒரு மெயிலிலிருந்து அந்தச் சொல்லைக் காப்பி பண்ணி ஒட்டினாள். 'சபை' என்று ஒரு பெட்டி வந்தது. "பஸ், ஹோ கயா, முடிஞ்சிருச்சு. இனிமே டென்ஷன் இல்ல."

டென்ஷன் இல்லைதான். காலையில் பார்த்தால் ரெண்டு மூணு மெயில். ஜெயசீலி நிம்மதியாக உட்கார்ந்து பள்ளிக்கூடத்தைத் திட்டினாள்.

மாதம் முடிந்தும் ஆர்டர் வராததால், இனாயத்துல்லா தன் கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று பிவண்டிக்குக் கிளம்பிப் போனார். அன்று சாயங்காலம், ஐக்கியக் கூட்டம் எத்தனை மணிக்கு என்று தேடப்போய், 'சபை' பெட்டியைத் திறந்தாள். வசனங்களுக்கு நடுவே அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயர். ஒன்றல்ல, மூன்று மெயில்.

தலைப்பு அவளே வைத்தது. சாம்பிள் அனுப்பியபோது, 'ஸ்தோத்திரம். ஸ்கூல் பேக் விஷயமாக' என்று எழுதியிருந்தாள். வேறு மாதிரி ஒரு கடிதத்தைத் தொடங்க அவளுக்குத் தெரியாது. அவர்களும் அதே தலைப்பிலேயே பதில் போட்டிருந்தார்கள்.

முதல் மெயில், பை பிடித்திருக்கிறது என்றது. அடுத்தது, எப்போது தைக்க ஆரம்பிப்பீர்கள் என்று கேட்டது. கடைசி மெயிலில் இப்படி இருந்தது: "பதில் வராததால் வேறு இடத்தில் கொடுத்துவிட்டோம். உங்களுக்குச் சுகமில்லையோ என்று எங்கள் பிள்ளைகள் தினமும் காலை ஜெபத்தில் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறார்கள்."

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஜோன்ஸ் மிச்சத் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது. பதில் எழுத உட்கார்ந்தாள். விரல் தானாக 'ஸ்தோ' என்று அடித்தது. அழித்தாள்.

"ஏங்க, போனப் போடுங்க."

"யாருக்கு? பள்ளிக்கூடத்துக்கா, இனாயத்துக்கா?"

பள்ளிக்கூடத்தில் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லாமல் இனாயத்தைக் கூப்பிடவும் முடியாது; ஜெயசீலி 'சபை' பெட்டியை மூடினாள்.