ஒன்பதாம் வகுப்பின் கத்தரிப் பாத்தி

உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த இரண்டாவது வாரமே நான் வகுப்புத் தலைவி ஆகிவிட்டேன். நான் கேட்டு வாங்கிய பதவி இல்லை அது.

அறுபதுகளின் நடுப்பகுதி. எட்டாவது வரை வெவ்வேறு ஊர்களில் படித்த நாற்பத்தொரு பேர், பொன்னேரியில் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்திருந்தோம். பையன்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத்தில் நெல் வயல் வைத்திருந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள், சைக்கிளில் வருவார்கள். மீதிப் பாதி பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பெண்கள் ஏழே பேர். தபால் ஆபீஸ் குமாஸ்தாவின் மகளான நான் அந்த ஏழில் ஒருத்தி.

தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டில் பெயர் எழுதிப் போடச் சொன்னார் வகுப்பாசிரியர். திருநெல்வேலிக்காரர், விஞ்ஞானம் நடத்துகிறவர். சைக்கிள் கூட்டத்தின் சார்பில் கைக்கடிகாரம் கட்டியிருந்த ஒரு பையன் நின்றான். பஸ் கூட்டத்தின் சார்பில் கரகரத்த குரல்கொண்ட ஒருவன். நாற்பத்தொரு பேர் போட்ட பெட்டியிலிருந்து நாற்பத்தாறு சீட்டுகள் வந்தன. ஆசிரியர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். ஒரே ஒரு சீட்டில் மட்டும் எதுவும் எழுதப்படவில்லை.

"இத வெறுமனே போட்டது யாரு?" என்று கேட்டார்.

நான் கையைத் தூக்கினேன். இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை என்று உண்மையைச் சொன்னேன். "அப்ப நீதான் லீடர். உக்காரு" என்றார். உண்மை சொன்னதற்காக நான் வருத்தப்பட்டது அந்த வருடத்தில் அது முதல் முறை.

அரிசிக்குத் தட்டுப்பாடாக இருந்த காலம். பள்ளிக்கூடங்களும் ஏதாவது பயிர் வைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்திருக்க வேண்டும். தலைமையாசிரியர் கிணற்றுக்குப் பின்னால் இருந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வகுப்புக்கு ஒன்றாகக் கொடுத்தார். குடியரசு தினத்தன்று நல்ல தோட்டத்துக்குக் கேடயம். எங்கள் துண்டில் கத்தரி போடுவது என்று ஆசிரியர் முடிவு செய்தார். செய்யவைக்க வேண்டியது நான்.

முதலில் கைக்கடிகாரப் பையனிடம் போனேன். விவசாயக் குடும்பம், இவனுக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

"எங்க ஊட்ல மம்பட்டிய நான் தொட்டதே கெடயாது. ஆளுங்க செய்வாங்க, நான் வரப்புல நின்னுகினு பாப்பேன்" என்றான். வேண்டுமானால் இங்கேயும் நின்று பார்க்கிறேன், பஸ்காரர்கள் கொத்தட்டும் என்று யோசனை வேறு சொன்னான். அதை நான் மறுபக்கம் கொண்டுபோய்ச் சொன்னது என் முட்டாள்தனம். கரகரத்த குரல்காரன் தன் ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கமே போகமாட்டார்கள் என்று அறிவித்துவிட்டான். இரண்டு மாதம் எங்கள் துண்டில் புல் மட்டும் செழிப்பாக வளர்ந்தது. தினமும் காலையில் ஆசிரியர் தோட்டத்தைப் பற்றிக் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். தாங்காமல் பதவி விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் நாங்கள் ஏழு பெண்களும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொத்த ஆரம்பித்தோம். அதைப் பார்த்துக் கரகரத்த குரல்காரனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மறுநாளே தன் ஆட்களோடு வந்து மண்ணைப் புரட்டிப் போட்டான். எருவும் தானே கொண்டுவருவதாகச் சொன்னான். சாண எரு என்று நினைத்துச் சரி என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் வழக்கம்போலத் தாமதம். இரண்டாவது பீரியடில் வாசலில் வந்து நின்றான். தோளில் ஈரம் சொட்டும் சாக்கு மூட்டை. உள்ளே இறால் தலையும் தோலும். பஸ்ஸின் கூரையில் ஏற்றவே கண்டக்டரிடம் சண்டை போட வேண்டியிருந்ததாம். தோட்டத்துப் படல் பூட்டியிருந்ததால் மூட்டையை வகுப்பின் பின்வரிசையில் வைத்தான். பத்து நிமிடத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். பிறகு தலைமையாசிரியர் வந்தார். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே புதைத்துவிட்டோம். ஆழமாகப் புதைக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் நாய்களும் காக்கைகளும் தோண்டியிருக்கின்றன. திங்கட்கிழமை பிரார்த்தனைக்கு வந்தபோது கொடிக்கம்பம் வரை இறால் தோல் இறைந்து கிடந்தது. எங்கள் வகுப்பு மட்டும் முதல் பீரியட் முழுவதும் வெயிலில் நின்று பொறுக்கியது. சைக்கிள் கூட்டம் பொறுக்கவில்லை. இனிமேல் அந்த மண்ணில் ஒன்றும் முளைக்காது என்று ஆருடம் சொல்லிக்கொண்டிருந்தது.

பொறுக்கியதை நாங்கள் மறுபடி ஆழமாகப் புதைத்து, வேலிக்காத்தான் முள் வெட்டிவந்து சுற்றிலும் போட்டோம். எனக்குக் கையெல்லாம் கீறல். ஆசிரியர் இரண்டு பக்கத்தையும் வைத்து ஒரு சத்தம் போட்ட பிறகு, கைக்கடிகாரப் பையன் நாற்று கொடுத்தான். அதையும் அவன் தூக்கிவரவில்லை. வீட்டு ஆள் ஒருவர் கூடையைத் தலையில் சுமந்துவந்தார். இவன் பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஐப்பசியில் நட்டோம். பத்தாம் நாள் அடைமழை. ஆரணியாறு கரை தொட்டு ஓடியது, பள்ளிக்கு ஒரு வாரம் லீவு. திரும்பிவந்து பார்த்தால் கிணற்றைச் சுற்றி முழங்கால் தண்ணீர். ஒரு நாற்றுகூட மிஞ்சவில்லை.

"மழைக்கு முன்னாடி நட வேணாம்னு எனக்குத் தெரியும்" என்றான் கைக்கடிகாரப் பையன்.

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"யாரும் என்னிய கேக்கலியே."

அன்று நான் அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை. அவனை அடிக்க முடியவில்லையே என்று.

மார்கழியில் அவன் வீட்டிலிருந்தே நாற்று வாங்கி மறுபடி நட்டோம். கரகரத்த குரல்காரன் தாமதமாக வருகிற பஸ்ஸில் வந்து, தாமதத்துக்குத் திட்டு வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் இறைப்பான். குடியரசு தினத்தன்று கேடயம் கொடுக்க வந்த பெரிய மனிதர் எங்கள் பாத்தி முன் ஒரு நிமிடம் நின்றார். முழங்கால் உயரச் செடிகள், அகல அகலமாக இலை, ஒரு பூ இல்லை. "புகையிலையா?" என்று கேட்டார். கேடயம் பத்தாம் வகுப்பின் முளைக்கீரைக்குப் போனது.

பிறகு பங்குனியில் காய்த்தது பாருங்கள். கிளை ஒடியும் அளவுக்குக் கொத்துக் கொத்தாக, பளபளவென்று. பரீட்சை நேரம் என்பதால் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று எல்லோரையும் கூப்பிட்டேன். நாற்பத்தொரு பேரும் அந்தத் துண்டுக்குள் ஒன்றாக நின்றது அன்று ஒருநாள்தான். சைக்கிள் கூட்டம் பறித்த வேகத்தைப் பார்க்க வேண்டும். கைக்கடிகாரப் பையன் தன் சட்டையைக் கழற்றி, அதில் மூட்டையாகக் கட்டிக்கொண்டான்.

"எங்கம்மா கேட்டா நான் போட்டதுன்னு சொல்லப் போறேன்" என்றான், வெட்கமே இல்லாமல்.

எனக்கு உச்சந்தலை சூடேறியது. கரகரத்த குரல்காரனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பையில் நாலைந்து காய்தான் இருந்தது. இவனாவது கேட்பான் என்று நினைத்தேன்.

"சொல்லிக்கட்டும் உடு லீடரு. நாத்து அவன் ஊட்டுதுதானே" என்றான். அப்புறம் மூட்டையைக் கேரியரில் வைத்துக் கட்ட அவனுக்கு உதவி செய்தான். இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார்கள்.

வருடம் முழுக்க அவர்கள் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கியவள் நான். எனக்கு ஒரு காய்கூட மிச்சம் வைக்கவில்லை என்பது அவர்கள் தெரு முனை திரும்பிய பிறகுதான் உறைத்தது. படலைச் சாத்திப் பூட்டிவிட்டு, சாவியைத் தலைமையாசிரியர் அறையில் கொடுக்கப் போனேன். தோட்டத்தை ஏன் பெருக்கவில்லை என்று கேட்டார்.