தண்ணீர் விடாமல் வெட்டிய கல்

கல் வெட்டுகிறவன் என்ன வேலை செய்கிறான் என்பதை அவன் வாய் சொல்வதற்கு முன்பே கண்ணிமையில் படிந்த தூள் சொல்லிவிடும். கிரானைட், டைல்ஸ், இரும்பு என்று எதையாவது அறுத்துத் தேய்த்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிள்ளானில் சமையலறை மேடைக்கல் பொருத்தும் தொழிலில் எனக்கு முப்பது வருடம் ஓடிவிட்டது. பெரும்பகுதி அந்தோணியோடு. அளவெடுப்பது நான், வெட்டுவது அவன்.

இரண்டு தாத்தாக்கள்

அப்போது எங்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு, முகம்கூடக் கழுவாமல் எதிர்க்கடையில் தே தாரேக் டீ குடிக்கப் போனோம். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. அந்தோணி மேசையைத் தட்டிப் பாடினான், நல்ல குரல். தலையிலிருந்து தூள் கிளாஸில் உதிர்ந்தது. அதையும் சேர்த்தே குடித்தோம். கடைக்கார அக்கா கேட்டார்: "என்ன தாத்தா, அடுத்த கிளாஸுக்குச் சீனி கொறைக்கட்டுமா?"

வாழைப்பழம்

வேலை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம். நெஞ்சில் இறங்கிய தூசியை அது வயிற்றுக்குத் தள்ளிவிடும் என்று நம்பினோம். சாப்பாடு போகும் குழாய் வேறு, மூச்சு போகும் குழாய் வேறு என்று பள்ளியில் படித்தவன்தான் நான். இருந்தும் தினமும் பாசார் சந்தையில் பழம் வாங்கியது நானே. முகமூடிகள் லோரியில் பிரிக்காமல் கிடந்தன. ஒருநாள் நான் ஒன்றை நீட்டியபோது, அந்தோணி வாய் நிறையப் பழத்தோடு சொன்னான்: "அதப் போட்டாத்தான் மூச்சு முட்டுதுலா. பழம் இருக்கில்ல, போதும்."

ஷா ஆலம் ஆன்டி

ஷா ஆலமில் ஒரு வீட்டில், கல்லை ஒட்டிய பிறகுதான் சிங்க்குக்கு விட்ட ஓட்டை சிறியது என்று தெரிந்தது. அளந்தது நான். 'சிங்க் பெட்டியில் அளவைத் தப்பாகப் போட்டிருக்கிறான்' என்று அந்தோணியிடம் சொன்னேன். பிளேடில் தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் புதுக் கேபினெட் ஊறிவிடும் என்று வீட்டுக்கார ஆன்டி பயந்தார். அந்தோணி என்னைப் பார்த்தான். தண்ணீர் வேண்டாம் என்றேன்.

அவன் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டினான். நான் வாசலில் நின்று ஆன்டி கொடுத்த மைலோவைக் குடித்தேன். கதவு திறந்தபோது அவன் ஆளே தெரியவில்லை. ஆன்டி எங்களைச் சமாதானப்படுத்தினார்: "தூசிதானே தம்பி, தொடச்சா போயிடும்."

மூன்றாவது மாடி

சில வருடங்களுக்கு முன்பு, லிப்ட் கெட்டுப்போன ஓர் அடுக்குமாடியில், மூன்றாவது மாடி வேலைக்கு ஏறும்போது, அந்தோணி இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிகரெட்டைத் தொடாதவன். நானே டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் அந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது என்ன வேலை என்றுதான். கல் தூள் நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டது, இனி ஆறாது, மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தினமும் நன்றாகக் குளித்தோமே என்று உளறினேன். அவர் சொன்னார்: "நீங்க கழுவுனது கண்ணுக்குத் தெரிஞ்ச தூசி அங்கிள். தெரியாததுதான் உள்ள போய் உக்காந்திருக்கு."

நாற்காலி

இப்போதும் அந்தோணி காலையில் எங்கள் கல் கடைக்கு வருகிறான். வெட்டும் இடத்திலிருந்து தள்ளி, வாசலில் அவனுக்கு ஒரு நாற்காலி. பாடுவதில்லை, ஒரு வரிக்குமேல் மூச்சு வராது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர், வீட்டிலேயே தண்ணீர் இல்லாமல் ஐந்தே நிமிடம் வெட்டித் தர முடியுமா என்றார். முடியாது என்றேன். ஏன் என்றார். நான் பதில் சொல்வதற்குள், நாற்காலியிலிருந்து, இடையில் இரண்டு முறை நிறுத்தி, குரல் வந்தது: "இவன ஒழுங்கா அளக்கச் சொல்லுங்க பாஸ், அங்க வந்து வெட்டற வேலையே இருக்காது."

முப்பது வருடத்தில் நான் தப்பாக அளந்தது அந்த ஒரு சிங்க்கை மட்டும்தான் என்று இன்னும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன், தெரிந்தே அந்த வாழைப்பழத்தைத் தின்றது போல.