அத்தர் மணந்த அரிசி மில்

ஆய்வுக்கு வந்த மேடம் காரை விட்டு இறங்கியதும் முதலில் செய்த காரியம் தும்மியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது அரிசி மில்லா, அத்தர் கடையா?" என்று கேட்டார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த மில்லை ஆய்வுக்குத் தயார் செய்து வைத்திருந்த மகானுபாவன் நான்தான்.

எங்கள் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால் இதைவிட மோசமாகச் சொல்வார்கள்.

1. பச்சைச் சட்டை

இந்த வேலைக்கு வருமுன் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் உரமும் பூச்சி மருந்தும் விற்றுக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளே வந்த காலம். எங்கள் கம்பெனியை ஒருவர் வாங்கினார், வாங்கிய கையோடு எங்கள் ஆபீசை மூடினார். நாற்பது வயதில் வேலை போனது. அப்போது தஞ்சாவூரில் ஓர் அறக்கட்டளை, சிறு தொழில்களுக்குப் பசுமை முத்திரை தரும் திட்டம் தொடங்கியிருந்தது. இன்டர்வியூவில் சுற்றுச்சூழல் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். "எந்த வயலில் எவ்வளவு மருந்து விழுந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்" என்றேன். சிரித்துவிட்டு வேலை கொடுத்தார்கள். கூடவே கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சட்டையும் கொடுத்தார்கள்.

திட்டம் எளிமையானதுதான். விருப்பப்பட்ட முதலாளி சேரலாம். கழிவு, புகை, தண்ணீர் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த நாங்கள் உதவுவோம். பிறகு சென்னையிலிருந்து ஆடிட்டர் வந்து பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை. கட்டாயம் எதுவும் கிடையாது. அதுதான் சிக்கலே.

"வாங்கலன்னா கேஸ் போடுவீங்களா?" என்பார்கள் மில்காரர்கள்.

"இல்லீங்க."

"லைசென்ஸ கட் பண்ணுவீங்களா?"

"அதெல்லாம் கிடையாதுங்க."

"அப்ப எதுக்குங்க வாங்கணும்?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த பதிலை, எனக்கு ஒதுக்கிய நீடாமங்கலத்தில் ஒருத்தர்கூட முழுதாகக் கேட்டதில்லை. நடுவிலேயே டீ சொல்லிவிடுவார்கள்.

2. தானாக வந்த ஒரே ஆள்

ஹமீது பாய் மட்டும்தான் என்னைத் தேடி வந்தவர். துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, சம்பாதித்ததையெல்லாம் போட்டு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் புழுங்கல் அரிசி மில் வைத்திருந்தார்.

"அங்க மத்தவங்க அரிசிய தூக்கித் தூக்கி அடுக்குனேன் சார். இப்ப அதே ரேக்குல என் அரிசி ஒக்காரணும். மேனேஜர் ஃபேக்ஸ் போட்டிருக்காரு. பச்சை முத்திரை இருந்தா எடுத்துக்கறாராம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா உள்ளூர் வெலைக்கு வித்து பேங்குக்கு வட்டி கட்ட முடியாது சார். மச்சான் விசா எடுத்து வச்சிருக்காரு. மறுபடி பொட்டிய கட்ட வேண்டியதுதான்."

டீ கொண்டுவந்த அவர் மனைவி நூர்ஜஹான் அங்கேயே நின்றார். "அண்ணே, எம்பொண்ணு பொறந்தப்பவும் இவங்க அங்க, அது நடக்கப் பழகுனப்பவும் அங்க. இது கெடச்சிட்டா இங்கயே இருந்துடுவாங்கல்ல?"

"நிச்சயமாம்மா" என்றேன், முத்திரை என்னவோ என் சட்டைப் பையில் இருப்பது மாதிரி.

மில்லில் பெரிய பிரச்சினை ஊறல் தண்ணீர். நெல்லைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அதற்குப் பிறகு அவிப்பார்கள். அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வாய்க்கால் ஓரமே நாறும். பாய்லர் சூட்டை வைத்து வெந்நீரில் ஊறப்போட்டால் சில மணி நேரத்தில் வேலை முடியும், நாற்றமும் குறையும். அப்படி மாற்றினோம். தண்ணீர் தேங்கித் தெளிந்து போக மூன்று குழிகள் வெட்டிக் கல்வாழை நட்டோம். குழியின் அளவை நானே கணக்குப் போட்டேன். அந்தப் பெருமையில் போட்டோ எடுத்து வீட்டில் மாட்டினேன். கல்யாண போட்டோவை எடுத்துவிட்டு இதை மாட்டினேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அது உண்மை இல்லை, பக்கத்தில்தான் மாட்டினேன்.

ஆய்வுக்கு முந்தைய வாரம் பாயிடம் கடைசியாக ஒரு யோசனை சொன்னேன். "சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு நெனச்சுக்குங்க பாய். மூக்கைப் பொத்துற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

3. சம்பந்தி வந்த நாள்

மேடத்தோடு நான் போய் இறங்கியபோது மில்லில் சத்தமே இல்லை. நெல் காயும் களத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். வேலை செய்யும் பெண்கள் வாசலில் கோலம் போட்டு, தலை நிறைய பூவோடு, நல்ல சேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாய்லர் ஜில்லென்று இருந்தது. ஊறல் தொட்டிகளை சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்திருந்தார்கள். உள்ளே பிரியாணி தம்மில் இருந்தது.

"மில் ஏன் ஓடல?" என்றார் மேடம்.

"நீங்க வர்றீங்கல்ல மேடம்! தூசியும் சத்தமுமா இருக்கக் கூடாதுன்னு மூணு நாளாவே நிப்பாட்டிட்டோம்" என்றார் பாய், முகமெல்லாம் பூரிப்பாக.

மேடம் என்னைப் பார்த்தார். நான் கல்வாழையைப் பார்த்தேன்.

"ஓடாத மில்லுல நான் என்ன சார் பாக்கறது? ஓடாம இருந்தா எல்லா மில்லும் பசுமைதான்."

குழிக்குப் போனோம். புதுத் தண்ணீர் வராமல் தேங்கியது புளித்து நாறியிருக்கிறது. பாய் பதறிப்போய், துபாயிலிருந்து கொண்டுவந்த அத்தர் பாட்டிலை மூன்று குழியிலும் பங்கு போட்டு ஊற்றிவிட்டார்.

"அடையாளம் தெரியாத பொருள் கலந்திருக்குன்னு எழுதணும்" என்றார் மேடம்.

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. "அடையாளம் தெரியாததா? அசல் ஊது அத்தர் மேடம்! அங்க பேர் பெத்த கடையில வாங்குனது!"

மேடம் பையை மூடினார். ஆய்வு செய்ய முடியவில்லை என்றுதான் எழுதப்போவதாகவும், அடுத்த சுற்று அறுவடைக்கு அப்புறம்தான் என்றும் சொன்னார். துபாய்க்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். பாய் அப்படியே களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நூர்ஜஹான் என் எதிரில் வந்து நின்று, "அண்ணே, அப்ப இவங்க போகணுமா?" என்று மட்டும் கேட்டார்.

பேசிப் பேசியே பிழைத்தவன் நான். விளையாத மண்ணில்கூட உரம் விற்றிருக்கிறேன். அன்றைக்குச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, அதைவிட வேதனையாக இருந்தது.

என்னால் பயனில்லை என்று தெரிந்ததும் நூர்ஜஹான் மேடத்திடம் திரும்பினார். "நாங்க எதையும் மறைக்கலைங்க. விருந்தாளி வந்தா வீட்ட கழுவுவோம்ல, அப்படித்தான் கழுவிட்டோம். ஒரு நாள் தங்குங்க. ஓட்டிக் காட்டுறோம். நாறுனா நாறுதுன்னே எழுதிக்குங்க."

மேடம் டைரியைப் புரட்டினார். மறுநாள் சுவாமிமலைக் கோயிலுக்குப் போவதாக இருந்ததை அடித்தார். "சரி, ஓட்டுங்க. ஆனா பிரியாணி வேண்டாம். ஆடிட் பண்ற எடத்துல சாப்பிடக் கூடாது" என்றார்.

அவர் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். துக்கத்தில் எனக்குப் பசி அதிகம்.

4. உள்ளது உள்ளபடி

மாலையே பாய்லரைப் பற்றவைத்தார்கள். மறுநாள் காலையில் நான் அதுவரை பார்க்காத ஒரு மில்லைப் பார்த்தேன். ஆவி, இரைச்சல், பறக்கும் உமிச் சாம்பல். என் கிளிப்பச்சைச் சட்டை சீக்கிரமே கறுத்துப்போனது. இரண்டு ஊறல் தொட்டிகளையும் ஒன்றாகத் திறந்தார்கள். தண்ணீர் என் மூன்று குழிகளையும் நிரப்பி, வழிந்து, நேராக வாய்க்காலுக்குப் போனது.

"ரெண்டு தொட்டியையும் சேத்தா தொறப்பீங்க?" என்று அலறினேன்.

"தெனமும் அப்படித்தான் சார். நீங்க வர்றப்ப மட்டும் ஒண்ணுதான் தொறப்போம். உங்க சட்டையில தெறிச்சிடும்ல" என்றார் பாய்.

மாதக்கணக்கில் நான் ஆராய்ச்சி செய்தது எனக்காகப் பாதி நிறுத்திவைத்த மில்லை. முந்தைய நாள் பாய் மேடத்துக்குச் செய்த மரியாதை, எனக்கு முதல் நாளிலிருந்தே நடந்திருக்கிறது. குழியின் கணக்கும் அந்த மரியாதையில்தான் போட்டது.

மேடம் வாய்க்கால் ஓரமாகக் குனிந்து பார்த்தார், முகர்ந்தார். "நாறத்தான் செய்யுது. ஆனா சரி பண்ணக்கூடிய நாத்தம்தான்" என்றார். இன்னொரு பெரிய குழி வெட்ட வேண்டும், தொட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், சாம்பலை மூடிவைக்க வேண்டும், செய்து முடித்ததும் முத்திரை என்று நிபந்தனை போட்டு எழுதினார். பாய் அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். முத்திரை வந்தது, அரிசியும் கப்பல் ஏறியது.

5. போகிறவர்களுக்கு

எனவே பிள்ளைகளே, எந்த இடத்துக்குப் போனாலும், நமக்காக எதையும் நிறுத்த வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தால் சொல்லாமல் போய் நில்லுங்கள். நமக்கு மரியாதை அதிகமாகக் கிடைக்கிற இடத்தில் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல சட்டை போட்டுக்கொண்டும் போகாதீர்கள்.

ரிட்டயர் ஆவதற்கு முன் ஒருமுறை பாய் மில்லுக்கு அப்படித்தான் சொல்லாமல் போனேன். யாரும் எதையும் நிறுத்தவில்லை. களத்தில் இருந்த பெண்கள், "தள்ளி நில்லுங்க சார், தூசி பறக்குது" என்றதோடு சரி. நூர்ஜஹான் என்னைப் பார்த்ததும் உள்ளே போய், பாயின் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து பிரித்துக் காட்டினார்.

"தேதிய பாருங்கண்ணே. முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. புதுப்பிக்கணும்னு கேப்பாங்க கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இது எங்க இருக்குன்னுகூட அவங்க கேக்கலண்ணே."